திருடனைத் தின்னும் புழு

பகாங் மாநிலத்தில் மெந்தகாப் பக்கமாக நீங்கள் என்றாவது வர நேர்ந்தால், எங்கள் பள்ளிக்கூடத்து மாமரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வேண்டும். பெரிய சாலையில் இறங்கி, செம்பனைக்குள் போகும் செம்மண் பாதையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் போதும். லாரி வந்தால் மட்டும் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளுங்கள். குலை ஏற்றிக்கொண்டு போகும் அவசரத்தில் அவர்களுக்கு ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வழியில் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. இருபுறமும் செம்பனைதான். இருபது வருடங்களுக்கு முன்புவரை இது முழுவதும் கித்தாக்காடு. பாதை வளைகிற இடத்தில் மூன்று வரிசை லயம் இருந்தது. கித்தா மரங்களைச் சாய்த்தபோது லயத்தையும் இடித்துவிட்டார்கள். சனங்கள் சிலர் தாமான் வீடுகளுக்குப் போனார்கள். சிலர் பட்டணத்தில் பிள்ளைகளோடு போய் ஒண்டிக்கொண்டார்கள். மாரியம்மன் கோயில் மிஞ்சியது. பள்ளிக்கூடம் மிஞ்சியது. பள்ளிக்கூட வாசலில் இந்த மாமரம் மிஞ்சியது. திருவிழாவுக்கு வருகிற பழைய ஆட்கள் சாமி கும்பிட்ட கையோடு நேரே மரத்தடிக்குத்தான் வருவார்கள். 'என் வீடு இங்கேயிருந்து எட்டாவது கதவு' என்று வெறும் செம்பனையைக் கைகாட்டிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அளப்பதற்கு அவர்களுக்கு இந்த மரத்தை விட்டால் வேறு அடையாளம் இல்லை.

மரத்தை நட்டவர் காளியம்மா பாட்டி. பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், மூத்த மகனை முதலாம் ஆண்டில் சேர்த்த அன்று கொட்டையைப் புதைத்தாராம். காட்டு வேலை முடிந்து திரும்பும்போது தினமும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மகன் இப்போது ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். பாட்டி தெமர்லோவில் மகளோடு இருக்கிறார். மரம் எங்களோடு இருக்கிறது.

மரத்துக்கு வந்த சங்கடம் இதுதான். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மாவிலைக்கு நடுவே வேறு மாதிரியான இலைக்கொத்துகள் தெரியும். மாவிலை போல நீண்டு தொங்காமல், தடித்து, சற்றே சாம்பல் பூத்த பச்சையில், காகக்கூடு கட்டினாற்போல் உருண்டு நிற்கும். நான் எண்ணியபோது ஏழு கொத்துகள் இருந்தன. அதுதான் புல்லுருவி. யாழ்ப்பாணத்துக்காரர்கள் குருவிச்சை என்பார்கள். மலாய்க்காரர்கள் டெடாலு என்பார்கள். பள்ளியில் நான் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் கோபம் வந்தால் சோம்பேறிப் பையன்களை அந்தப் பெயரால்தான் திட்டுவார். நானும் பாடம் நடத்தும்போது, 'மரம் பாடுபட்டு உறிஞ்சுகிற தண்ணீரைத் திருடிக் குடிக்கும் திருடன்' என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

அது முழுப் பொய்யில்லை. புல்லுருவி மண்ணில் வேர் விடாது. கிளையின் பட்டையைத் துளைத்து உள்ளே இறங்கி, மரத்தின் தண்ணீர்க் குழாயோடு தன் குழாயை ஒட்டவைத்துக்கொள்ளும். பச்சை இலை இருப்பதால் சாப்பாட்டை ஓரளவு தானே சமைத்துக்கொள்கிறது. தண்ணீரும் உப்புச் சத்தும்தான் மரத்தின் கணக்கில். ஆனால் அந்தத் தண்ணீரை அது சிக்கனமாகச் செலவழிப்பதில்லை. மரம் வெயிலுக்குத் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் நேரத்திலும் இது குடித்துக்கொண்டே இருக்கும். கொத்துக்கு அப்பால் இருக்கிற கிளைநுனி தண்ணீர் போதாமல் மெலியும், பிறகு காயும். கித்தா மரத்திலும் இதே கதைதான். எங்கள் மாமரத்தில் இரண்டு கிளை காய்ந்துவிட்டன. காய்ப்பும் குறைந்துபோயிற்று.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தலைவர் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார்: "டீச்சர், பேசாம மரத்தையே சாய்ச்சிடலாம். காஞ்ச கிளை பிள்ளைங்க தலையில விழுந்தா யாரு பதில் சொல்றது?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாசலில்தான் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். விடுமுறை முடிந்து முதல் சனிக்கிழமை கோத்தோங் ரோயோங் வைத்துக்கொள்வது, அன்றைக்கே மரத்துக்கும் ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானமாயிற்று. பாட்டிக்குச் சொல்லியனுப்பும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

மறுநாள் காலை, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி புல்லுருவிச் சுள்ளி ஒன்றை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். காற்றில் ஒடிந்து விழுந்ததாம். இலையின் அடியில் பத்துப் பதினைந்து புழுக்கள் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரிசையாக இருந்தன. மங்கிய மஞ்சள் உடம்பு, கறுத்த தலை, மேலெல்லாம் நீண்ட வெளுத்த முடி. விரலால் தொட்டதும் இரண்டு மூன்று நூல் விட்டுக்கொண்டு கீழே தொங்கின.

"டீச்சர், புல்லுருவி திருடன்னு சொன்னீங்க. இந்தப் புழு திருடனத் தின்னுது. அப்ப இது போலீஸா?"

வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சியில் புல்லுருவி என்றால் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் மரம் இருந்தது, புல்லுருவி இருந்தது, புழு இல்லை. அன்று முதல்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் புழு எது என்று தெரிந்துகொள்ள நீங்கள் எங்கள் மரத்தடியில் காலை பத்து மணிவாக்கில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். உச்சிக் கிளையைச் சுற்றி வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று நிதானமாக மிதந்து வரும். மேலே பார்த்தால் வெள்ளையில் கறுப்பு நரம்பு. வேறு விசேஷம் இல்லை. சிறகை மடக்கி உட்காரும்போதுதான் அதன் அழகு தெரியும். பின்சிறகின் அடிப்பக்கம் மஞ்சள் குழைத்துப் பூசி, விளிம்பில் சிவப்புப் பொட்டு வரிசையாக வைத்தாற்போல் இருக்கும். ஆங்கிலத்தில் பெயிண்டட் ஜெஸபெல் என்பார்கள். அது அவசரப்பட்டுப் பறக்காததற்குக் காரணம் உண்டு. பறவைகளுக்கு அதன் ருசி பிடிப்பதில்லை. 'என்னைத் தின்னாதே' என்ற அறிவிப்புப் பலகைதான் அந்தச் சிவப்பும் மஞ்சளும். அது முட்டையிடுவது புல்லுருவி இலையின் அடியில், கூட்டமாக. மாமரத்திலேயே இருந்தாலும் புழு மாவிலையைத் தொடாது. புல்லுருவி இல்லாவிட்டால் அந்தக் குஞ்சுகளுக்குச் சோறு இல்லை. நீலச் சிறகுள்ள சின்ன ஜாதி வண்ணத்துப்பூச்சி ஒன்றும் இதே இலையை நம்பித்தான் பிள்ளை வளர்க்கிறது.

இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கட்டைவிரல் அளவே உள்ள குருவி. நெற்றியிலிருந்து வால் வரைக்கும் முதுகில் இரத்தச் சிவப்புப் பட்டை போட்டிருக்கும். மலாயில் இதற்கு செப்பா புத்ரி என்று பெயர். நாம் பூக்கொத்திக் குருவி என்று வைத்துக்கொள்வோம். புல்லுருவிப் பழம்தான் அதற்கு உயிர். பழத்தின் உள்ளே பசை இருக்கிறது. குருவி விழுங்கிய விதை சிறிது நேரத்திலேயே பசையோடு பின்பக்கமாக வெளியே வரும். வந்தது விழாமல் ஒட்டிக்கொண்டு தொங்கும். குருவி என்ன செய்யும்? கிளையில் பின்பக்கத்தைத் தேய்த்துத் துடைக்கும். துடைத்த இடத்தில் விதை ஒட்டிக்கொள்ளும், முளைக்கும். இதைச் சொன்னபோது பின்வரிசைப் பையன்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆக, ஒரு கிளைமேல் இத்தனை குடும்பம் நடக்கிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 'போலீஸா' என்ற கேள்விக்கு என்ன பதில்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே விடுமுறைப் பயணம் வந்துவிட்டது.

ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கடல் காட்டக் கூட்டிப்போவதாக நெடுநாளாகச் சொல்லி வைத்திருந்தோம். எங்கள் பிள்ளைகளில் பலர் கடலைக் கண்டதில்லை. விடிவதற்குமுன் பஸ் ஏறினோம். பகாங் ஆற்றைத் தாண்டும்போது பிள்ளைகள் அதையே கடல் என்று நினைத்துக் கூச்சல் போட்டார்கள். அதற்குப் பிறகு மறுபடியும் செம்பனை. குவாந்தான் தாண்டி, பெசெராவில் கெரோப்போக் வாங்குவதற்காக நிறுத்தி, செராத்திங் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கடலைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தை எழுதப் போனால் வேறு கட்டுரையாகிவிடும். நான் மணலில் சவுக்கு நிழல் தேடி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் அடம்பன் கொடி மணலெல்லாம் படர்ந்து, ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. அதன்மேல் யாரோ நூல்கண்டைப் பிரித்து வீசினாற்போல் பச்சையும் மஞ்சளுமாகச் சிக்கல். இலை இல்லை. எது அடி, எது நுனி என்று தெரியவில்லை. சிக்கல் அடம்பனை விட்டுப் பக்கத்துப் புதரின்மேல் ஏறி, அங்கிருந்து தாழைக்கும் தாவியிருந்தது. அதுதான் கொத்தான். நாட்டு மருந்து தெரிந்த பெரியவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். கறிக்குப் போடும் பட்டை இருக்கிறதே, அந்தக் குடும்பத்துக் கொடி இது. பார்த்தால் யார் நம்புவார்கள்? ஒரு நூலைத் தூக்கிப் பார்த்தேன். அடம்பன் தண்டைத் தொட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் பொத்தான்களாகத் தடித்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பொத்தானும் ஒரு வாய்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். "இதுவும் திருடனா டீச்சர்?" என்றது அதே குரல். அந்த மணலில் வைத்து நான் அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மாசிக்காய் தெரியுமல்லவா? பிள்ளை பெற்ற வீட்டில் உரைத்துக் கொடுப்போமே, மலாய்க்காரர்கள் மஞ்சகானி என்று கடையில் விற்கிறார்களே, அதுதான். காய் என்கிறோமே ஒழிய அது காய் அல்ல. ஓக் என்ற மரத்தில் எறும்பு அளவே உள்ள ஒரு குளவி முட்டையிடுகிறது. உள்ளே புழு வளர வளர மரம் அதைச் சுற்றி வீங்கிக்கொடுக்கிறது. அந்த வீக்கம்தான் மாசிக்காய். புழுவுக்கு வீடும் அதுவே, சோறும் அதுவே.

அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையில் வேறு ஜாதி ஓக் மரம் உண்டு. அதன் இலையடியில் வேறு ஜாதிக் குளவி இதே மாதிரி பட்டாணி அளவு வீக்கங்களை உண்டாக்கும். அங்கேயும் நமது கொத்தான் இருக்கிறது. செராத்திங்கில் இருக்கும் அதே இனம். 2018ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே ஒரு விநோதத்தைக் கண்டு எழுதினார்கள். கொத்தான், தண்டை விட்டுவிட்டு அந்த வீக்கத்தின்மேலேயே வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. கொடி பற்றிய 51 வீக்கங்களைப் பிளந்து பார்த்தால், 23இல் குளவி வெளியே வர முடியாமல் காய்ந்து கருவாடாகிக் கிடந்தது. கொடி தீண்டாத 101 வீக்கங்களில் அப்படிக் கிடந்தவை இரண்டே இரண்டு. மரத்தை ஏய்த்துக் குளவி தனக்கென்று சேர்த்துவைத்த சத்தைக் கொடி வழிமறித்துப் பிடுங்கிக்கொண்டது.

"அப்ப திருடன்கிட்டயே திருடிருச்சி" என்றான் ஒரு பையன். "மரத்துக்கு நல்லதுதானே?" என்றாள் இன்னொருத்தி. குளவி சாவது மரத்துக்கு நல்லதுதான். கொடி கொழுப்பது மரத்துக்கு நல்லதில்லை. கூட்டிக் கழித்தால் மிச்சம் என்ன என்று நான் கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. நானும் மேலே போகவில்லை.

கொத்தானைப் போலவே பார்வைக்கு இருக்கும் இன்னொரு கொடி டாடர். பொன் நூல் மாதிரி இருக்கும். ஆனால் அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பம், இரண்டுக்கும் உறவில்லை. இந்த டாடர் தன் இரையை மோந்து பிடிக்கிறது என்று 2006இல் அமெரிக்காவில் காட்டினார்கள். பக்கத்தில் தக்காளிச் செடி இருந்தால் அந்த வாசனை வரும் திசை பார்த்து முளை நெளிந்து போகுமாம். அதைவிட எனக்குப் பிடித்தது 2017இல் சீனாவின் குன்மிங் நகரத்து விஞ்ஞானிகள் கண்டது. சோயா அவரைச் செடிகளைத் தனித்தனியே வைத்து, நடுவே டாடர் கொடி இரண்டையும் பிணைக்கும்படி வளர்த்தார்கள். ஒரு செடியில் மட்டும் இலை தின்னும் புழுவை விட்டார்கள். கடிபடாத மற்றச் செடி, தன்னைப் புழு தொடாமலேயே, புழுவுக்குப் பிடிக்காத பொருளைத் தன் இலையில் ஊறவைக்க ஆரம்பித்தது. புழு வந்துவிட்ட சேதி கொடி வழியாகத்தான் போயிருக்கிறது. பிறகு அந்தச் செடியில் புழுவை விட்டால், அது சரியாகக் கொழுக்கவில்லை. கொடி பிணைக்காத செடிக்குச் சேதியும் இல்லை, முன்னேற்பாடும் இல்லை.

புழு கடித்த செடி உடம்பில் சேதி பரப்ப ஊறும் பொருள்களில் முக்கியமானதற்கு மல்லிகையின் ஆங்கிலப் பெயரையொட்டித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள், ஜாஸ்மோனேட் என்பார்கள். அதன் ஒரு வகையை முதலில் பிரித்தெடுத்தது 1962இல் மல்லிகை எண்ணெயிலிருந்து. நாம் தலையில் வைத்துக்கொள்ளும் வாசனைக்குள் செடிகளுடைய அபாய அறிவிப்பும் இருக்கிறது என்று சொன்னபோது பெண்பிள்ளைகள் ஒருத்தி கொண்டையை ஒருத்தி மோந்து பார்த்தார்கள்.

குழாய் ஒட்டிய பிறகு தண்ணீர் மட்டும் போகாது, வாசகர்களே, நஞ்சும் போகும். லூபின் என்ற அவரை ஜாதிச் செடியில் கசப்பு ரகமும் உண்டு, கசப்பில்லாத ரகமும் உண்டு. அதன் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஒரு காட்டுப் பூச்செடியை இரண்டு ரகத்தோடும் வளர்த்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்கள். கசப்பு லூபினில் உறிஞ்சிய செடிக்கும் கசப்பு ஏறிவிட்டது. பூச்சிக் கடி குறைந்தது, விதை கூடியது. கசப்பில்லாத லூபினை அண்டிய செடிக்கு இந்தக் காவல் கிடைக்கவில்லை. அப்படியானால் ஒட்டுண்ணியை எந்தப் பூச்சி தின்னும், எவ்வளவு தின்னும் என்பது அது எந்த வீட்டில் குடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எந்த மரத்துப் புல்லுருவி என்று பார்த்துத்தான் நம் நாட்டு வைத்தியர்கள் மருந்துக்கு எடுத்தார்கள். அதைச் சும்மா சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரளியின்மேல் வளர்ந்த புல்லுருவியில் அரளியின் நஞ்சும் இருந்ததை 1961லேயே கண்டிருக்கிறார்கள். அரளி இதயத்தையே நிறுத்திவிடும். இப்போது சிலர் புல்லுருவி இலையைக் காயவைத்துத் தேநீர் போலக் குடிக்கிறார்கள். எந்த மரத்திலிருந்து பறித்தது என்று தெரியாத இலையை வாயில் வைக்காதீர்கள். இதை எழுதுவதற்காகவே இந்தப் பத்தியை எழுதினேன் என்றாலும் தவறில்லை.

கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் பிள்ளைகள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கேள்வி கேட்டவள் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கொத்தான் நூல் ஒன்றைச் சுற்றி வைத்திருந்தாள். "அந்தப் புழுங்கள எல்லாம் சனிக்கிழம வெட்டிடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். தெமர்லோவில் பஸ்சை நிறுத்தச் சொல்லி, பாட்டி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. "சனிக்கிழம வர்றேன்" என்றார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஏணி, பாராங், கயிறு எல்லாம் வந்துவிட்டன. பாட்டியை மகள் காரில் கொண்டுவந்து இறக்கினார். பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடியில் போட்டோம். தலைவர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஆயா, மரத்துக்கு வயசாயிருச்சி. நோவும் புடிச்சிருக்கு. பிள்ளைங்க நிக்கிற எடம்..."

"எனக்குந்தான் வயசாயிருச்சி. நோவும் இருக்கு" என்றார் பாட்டி.

அதற்குமேல் அவரால் என்ன பேச முடியும்? நான் இடையில் புகுந்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். காய்ந்த இரண்டு கிளையையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஆபத்து அதில்தான். புல்லுருவியை மட்டும் ஒடித்தால் பயனில்லை. பட்டைக்குள்ளும் மேலும் ஓடிய வேர் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடிக்குக் கீழே கிளையையே வெட்ட வேண்டும். பழம் பழுப்பதற்குள் வெட்டினால் குருவி பரப்பாது. புழு தின்று தீர்த்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. புழு தின்பது இலையை. இலை குறைந்தால் கொஞ்ச நாளைக்குப் புல்லுருவி உறிஞ்சும் தண்ணீர் குறையும், மரம் சற்று மூச்சு விடும். ஆனால் வாய் கிளைக்குள் இருக்கிறது. அதைப் புழு தொடாது. அதனால் போலீஸ் என்று சொல்ல மாட்டேன்.

"அப்ப ஏழையும் வெட்டிடலாம்" என்றார் தலைவர்.

"அந்தப் புழு எதுல இருக்கு?" என்று கேட்டார் பாட்டி. மாணவி கைகாட்டினாள். தெற்குப் பக்கத்துத் தாழ்ந்த கிளை. கையளவு தடிமன்தான் இருக்கும். ஒடிந்தாலும் வரிசையில் நிற்கும் பிள்ளைகள்மேல் விழாது. பாட்டி நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெரிந்ததோ இல்லையோ.

"அந்த ஒண்ணு இருக்கட்டும்" என்றார். "இம்மா நாளு ஏழுக்குப் படியளந்துச்சி. ஒண்ணுக்கு அளக்காதா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். படித்தவள் என்று என்னைக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, புழு கூடு கட்டிய பிறகு அதையும் வெட்டச் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஏணி ஏறிய இளைஞர்களை முசுறு எறும்பு கடித்த கடியில் பாதி வேலை கத்தலிலேயே நடந்தது. மதியத்துக்குள் ஆறு கொத்துகளும் இரண்டு காய்ந்த கிளைகளும் கீழே கிடந்தன. வெட்டிய கிளையைக் குறுக்கே அறுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மாமரத்து வெள்ளைக் கட்டைக்குள் புல்லுருவியின் கட்டை ஆப்பு அடித்தாற்போல் இறங்கி, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் கலந்திருந்தது. தலைவர்கூடக் குனிந்து பார்த்து, விரலால் தடவிப் பார்த்தார்.

அடுத்த வாரம் புழுக்கள் ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. பிறகு தேடிப் பார்த்தால், மஞ்சள் நிறத்தில் முள்முள்ளாக நீட்டிக்கொண்ட கூடுகள் இலைமேல் ஒட்டியிருந்தன. பிள்ளைகள் கண்டுபிடித்தவை ஒன்பது. ஒரு வாரம்போலக் கழித்து, காலை வரிசை நடக்கும்போதே ஒன்று பிளந்தது. தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருந்தார்; ஐந்தாம் ஆண்டு முழுதும் வேறு பக்கம் திரும்பி நின்றது. கசங்கிய சிறகை அது விரித்துக் காயவைத்துப் பறக்கும்வரை அவரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

மரம் இந்த வருடம் பூத்தது. முன்பு போல இல்லாவிட்டாலும் எட்டிய காயை எண்ணியதில் அறுபது தேறியது. முதல் பழத்தைத் தெமர்லோவுக்குக் கொடுத்தனுப்பினோம். பாட்டிக்குப் பல் இல்லாததால் மகள் பிழிந்து கொடுத்தாராம்.

இன்னொரு சமாசாரமும் உண்டு. பள்ளிக்கூட வேலியோரம் ஜம்பு மரம் ஒன்று நிற்கிறது. நாலு வயதுக் கன்று. போன வாரம் அதன் கிளையில் பசையோடு ஒட்டிய விதையொன்று இரண்டு சின்ன இலை விட்டிருப்பதைக் கேள்விக்காரி கண்டுபிடித்தாள். இப்போது அவள் ஆறாம் ஆண்டு. நகத்தால் கிள்ளினால் வந்துவிடும் அளவுதான். கன்று மரம் தாங்காது, கிள்ளிவிடு என்று சொன்னேன். நாளைக்குக் கிள்ளுகிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனவள், தினமும் காலையில் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறாள்.